ஊசியும் உறக்கமும்: தனிசாக்கியின் 'ஷிசேய்' சிறுகதை பற்றிய ஒரு நோக்கு

யப்பானிய மொழியிலே பச்சை குத்துதலைக் குறிக்கும் 'ஷிசேய்' என்னும் சொல் இரண்டு சீன எழுத்துகளால் எழுதப்படுகின்றது. முதலாவது எழுத்து குத்துதலைச் சுட்டும். இரண்டாவது, நீலத்துக்கும் பசுமைக்கும் பொதுவான ஒரு நிறத்தைச் சுட்டும். தமிழில் வழங்கும் 'பச்சை குத்துதல்' என்ற தொடரும் இவ்விரு கூறுகளாலேயே ஆனது. தம்முள் தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வகையாகப் பெயரிட்டமைக்குக் காரணம் மனிதத் தோலேயாம். குத்தப்படுவது பெரும்பாலும் கரி அல்லது கரியாலான மை. ஆயினும் தோலின் ஊடாக ஒளி சிதறிவரும்போது அக்கருமை கண்ணுக்கு நீலங் கலந்த பசுமையாகத் தோற்றுகின்றது. குத்துபவன் இட்ட நிறம் வேறு, உலகம் காணும் நிறம் வேறு என்ற இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, ஜுனிச்சிரோ தனிசாக்கி 1910ஆம் ஆண்டு எழுதிய 'ஷிசேய்' என்ற சிறுகதையை நோக்குதல் பயனுடையது. ஏனெனில், அக்கதையிலும் நிகழ்வது ஒன்றாகவும், விமர்சகர் பலர் கண்டது வேறொன்றாகவும் இருக்கின்றன.

ஆண்களைத் தன் காலடியில் வீழ்த்தும் பெண்ணழகின் வெற்றியைப் பாடும் கதை இது என்பதே பரவலான வாசிப்பு. தன் படைப்புக்குத் தானே இரையாகும் கலைஞனின் கதை என்பது அதன் மறுபக்கம். இரண்டும் கதையின் இறுதிப் பக்கத்தை ஆதாரமாகக் கொண்டவை. அவ்விறுதிக்கு முன்னர் ஓர் இளம்பெண் மயக்க மருந்தால் உறங்க வைக்கப்பட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் ஊசிக்கு உள்ளாக்கப்படுகின்றாள் என்பதை இவ்வாசிப்புகள் கதைப்பின்னலின் ஒரு வசதியாகவே கடந்து செல்கின்றன. பச்சை குத்துதல் என்னும் தொழில் உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்தவர் இவ்வுறக்கத்தை எளிதிற் கடந்துவிட முடியாது.

தனிசாக்கி 1886இல் தோக்கியோவில் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இக்கதை வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. மாணவ நண்பர்களோடு சேர்ந்து நடத்திய 'ஷின்ஷிச்சோ' என்னும் சிறு சஞ்சிகையிலேயே அது அச்சேறிற்று. நகாய் காஃபூ 1911இல் எழுதிய பாராட்டுக் கட்டுரை அவரை ஒரே நாளில் அறிமுகமற்ற நிலையினின்றும் உயர்த்தியது எனலாம். இயற்பண்புவாதமும், எழுத்தாளன் தன் சொந்த வாழ்வின் அவலங்களை ஒளிக்காது ஒப்புவிக்கும் போக்கும் மேலோங்கியிருந்த காலம் அது. அச்சூழலில் கதையைப் பழைய எடோ நகரத்துக்குக் கொண்டு சென்று, அழகையும் கொடுமையையும் கூச்சமின்றி இணைத்துக் காட்டியமை ஒரு கலகமாகவே கொள்ளப்பட்டது. அதே 1910ஆம் ஆண்டிலேதான் சக்கரவர்த்திக்கு எதிரான சதி என்னும் குற்றச்சாட்டின் பேரில் சோசலிசவாதிகளும் அராஜகவாதிகளும் கைதாகினர். அடுத்த ஆண்டு சனவரியிற் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர். நிகழ்காலத்தை எழுதுவது ஆபத்தாகிய வேளையில் இறந்தகாலத்துள் நுழைவது எழுத்தாளர்க்கு ஒரு புகலிடம் என்பது எவ்விடத்தும் காணப்படுவதே. ஆனால் தனிசாக்கி புகுந்த இறந்தகாலமும் அரசின் தடைக்கு உட்பட்டிருந்தது. மெய்ஜி அரசு 1872இல் பச்சை குத்துதலைச் சட்டத்தால் விலக்கியிருந்தது. அத்தடை 1948இலேயே நீங்கியது. கதை வெளிவந்த நாளில் செய்கிச்சியின் தொழில் குற்றச்செயல்.

எடோ காலத்தில் இத்தொழிலுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒருபுறம், 1720 முதல் 1870 வரை அரசு குற்றவாளிகளின் கையிலோ நெற்றியிலோ அடையாளம் பொறித்தது. மறுபுறம், தீயணைப்போர், பல்லக்குத் தூக்குவோர், கூலியாட்கள், சூதாடிகள் ஆகியோர் தம் முதுகையும் தோளையும் தாமே விரும்பிச் சித்திரச் சுவராக்கினர். பட்டாடை உடுத்தும் உரிமை சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்ட மக்களுக்குத் தோலே கழற்றப்பட முடியாத ஆடையாயிற்று. சீன நாவலொன்றின் நூற்றெட்டு வீரர்களைக் குனியோஷி என்ற ஓவியர் 1827 அளவிலிருந்து உடல் நிறைந்த பச்சைக் கோலங்களோடு மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிட்டபோது இவ்வழக்கம் மேலும் பெருகியது. தனிசாக்கியின் கதைத்தலைவனான செய்கிச்சியும் முன்னர் இத்தகைய ஓவியனாயிருந்து, பின்னர் பச்சை குத்துவோனாகக் கீழிறங்கியவன் என்றே அறிமுகப்படுத்தப்படுகின்றான். தாளை விட்டுத் தோலுக்கு வந்தவன் அவன்.

கதை சுருக்கமானது. செய்கிச்சி தன் ஊசியின்கீழ் ஆண்கள் துடிப்பதைக் கண்டு மகிழ்பவன். தான் விரும்பும் தோலும் உடலும் வாய்த்தோர்க்கே அவன் பச்சை குத்துவான். கோலத்தையும் கூலியையும் அவனே தீர்மானிப்பான். அழகி ஒருத்தியின் உடலிலே தன் உயிரைப் பொறிக்க வேண்டும் என்பது அவனது நெடுநாளைய வேட்கை. நான்காம் ஆண்டுக் கோடையில் புகாகவாவின் உணவுச்சாலை ஒன்றின்முன் நின்ற பல்லக்கின் திரைக்குக் கீழே ஒரு வெண்ணிறப் பாதத்தைக் காண்கின்றான். அடுத்த ஆண்டு அப்பாதத்துக்குரிய பதினைந்து பதினாறு வயதுப் பெண், கெய்ஷா ஒருத்தியின் தூதாக அவன் வீட்டுக்கே வருகின்றாள். அவளுக்கு அவன் இரண்டு சித்திரச் சுருள்களைக் காட்டுகின்றான். ஒன்றில், கொலைத்தண்டனைக்காகக் கட்டப்பட்டு நிற்கும் ஆடவனை நோக்கி நிற்கும் பண்டைச் சீன அரசியின் உருவம். மற்றையதில், செரி மரத்தில் சாய்ந்து நின்று தன் காலடியிற் கிடக்கும் ஆண் பிணங்களை நோக்கும் பெண். அதன் பெயர் 'உரம்'. பின்னர் ஒல்லாந்த மருத்துவனிடம் பெற்ற மருந்தால் அவளை மயக்கி, முதுகு நிறைய ஒரு பெருஞ்சிலந்தியைக் குத்துகின்றான். விடிந்ததும் அவள் மாறியவளாய் எழுகின்றாள். அவனே தனக்கு முதல் உரமானவன் என்கின்றாள்.

இக்கதையில் தொழிற் செய்திகள் குறைவாகவேனும் துல்லியமாக இடம்பெறுகின்றன. நாளொன்றுக்குச் சராசரி ஐந்நூறு, அறுநூறு ஊசிக்குத்துகளைத் தாங்குவோர் பற்றிய குறிப்பு, செந்நிறம் ஏற்றுவதும் சாயலிடுவதுமே மிக வலி தருவன என்ற செய்தி, சாராயத்திற் குழைத்த செவ்விங்குலிகம், நிறம் மேலெழும்பும்பொருட்டு இறுதியில் வெந்நீரிற் குளிக்கும் வழக்கம் ஆகியன யாவும் உள்ளன. இங்குலிகம் பாதரசச் சேர்மமாதலின் செந்நிறம் ஏற்றிய இடங்களில் தோல் தடித்து ஒவ்வாமை தோன்றுவது உண்டு. ஆகவே, தொழிலறிவை அளவுகோலாகக் கொண்டு கற்பனைக் கதையை அளப்பது தகுமா எனும் வினாவுக்குக் கதையே விடையளிக்கின்றது. அவ்வறிவை வாசகர் முன்னே பரப்பி, அவரது நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டே அது மேற்செல்கின்றது.

யப்பானிய மரபில் கையாற் குத்தும் முறையில், பல ஊசிகள் பட்டு நூலால் வரிசையாகக் கட்டப்பெற்று மூங்கிற் காம்பின் நுனியிற் பொருத்தப்படும். குத்துபவன் இடக்கையால் தோலை இழுத்துப் பிடிப்பான். அக்கையின் விரலிடுக்கிலேயே மை தோய்ந்த தூரிகையும் இருக்கும். வலக்கை, இடப் பெருவிரலை ஊன்றுகோலாக்கி, ஊசிகளைச் சாய்வாகச் செலுத்தி மேல்நோக்கித் தெறித்து எடுக்கும். முதலிற் புறக்கோடு, அது ஆறிய பின்னரே சாயல், அதன் பின்னரே நிறங்கள். முதுகு முழுவதற்கும் வாரத்துக்கு ஓர் அமர்வாக ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். இழுத்துப் பிடிக்கப்பட்ட தோல் கையின் அசைவுக்கு இடங்கொடுக்க வேண்டும். படுத்திருப்பவன் மூச்சை அடக்கி அசையாதிருக்க வேண்டும். தாங்கும் எல்லை வந்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அதாவது, குத்தப்படுபவனும் இத்தொழிலிற் பங்குகொள்பவன். இடையில் வராது விட்டவரின் முதுகிலே புறக்கோடு மட்டும் எஞ்சுவது இத்தொழிலிற் புதுமையன்று.

தமிழ்நாட்டுக் கிராமங்களிற் குறத்தியர் பச்சை குத்தும்போது பாடிய பாடல்களும் இவ்விடத்து நினைக்கத்தக்கவை. வலியை மறக்கச் செய்வதற்கு அங்கே கிடைத்த மருந்து பாட்டு. அது கேட்பவளை விழித்திருக்கவே செய்தது.

முழு முதுகுச் சிலந்தியை ஒரு பகலிலும் ஓரிரவிலும் முடித்துவிடுவது நடவாத காரியம் என்பதைக் குறையாகச் சொல்வதிற் பயனில்லை. காலத்தைச் சுருக்குவது கதைஞனின் உரிமை. மயக்க மருந்தும் அக்கால யப்பானுக்கு அந்நியமான கற்பனையன்று. ஹனோக்கா செய்ஷூ என்னும் மருத்துவர் 1804இலேயே நோயாளியை மூலிகை மருந்தால் உறங்க வைத்து மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துள்ளார். கவனிக்க வேண்டியது யாதெனின், கால் சுருங்கி வரும் இரண்டு வாக்கியங்களுக்கு இடையே தொழிலின் இரண்டாவது பங்காளியும் மறைந்துபோகின்றாள் என்பதே. ஆண்கள் குத்தப்பெறும் பகுதியில் அவர்கள் முனகுகின்றனர், பல்லைக் கடிக்கின்றனர், அவனோடு பேசுகின்றனர். கதையின் பெருஞ்செயல் நிகழும்போது அவள் பேசுவதில்லை. அவளைத் தேடி வந்த ஆளுக்குச் செய்கிச்சி, அவள் எப்போதோ போய்விட்டாள் எனப் பொய் சொல்லி அனுப்பிவிடுகின்றான். ஆறு வரிக்குள் அடங்கும் இச்சம்பவம் எத்தனை விமர்சகரின் கண்ணிற் பட்டது என்பது ஐயமே.

அப்பெண் வந்த காரணமும் சிந்திக்கத்தக்கது. அவள் கொண்டுவந்தது ஒரு மேலாடை. அதன் உட்புறத் துணியிலே சித்திரம் எழுதித் தருமாறு கெய்ஷா வேண்டியிருக்கின்றாள். கூடவே ஒரு கடிதம்: இப்பெண் விரைவில் தன் தங்கை முறையில் விருந்து மண்டபங்களுக்கு வரவிருக்கிறாள், அவளையும் ஆதரிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆக, துணிக்குக் கேட்ட சித்திரம் தோலில் எழுதப்படுகின்றது. ஆதரவு கோரி அனுப்பப்பட்டவள் அடைத்து வைக்கப்படுகின்றாள். ஏற்கெனவே சந்தைக்குச் செல்லும் வழியில் நிற்கும் உடல் அது. சிலந்தியின் பெயரும் தற்செயலானதன்று. யப்பானிய மொழியில் அச்சிலந்தியைக் குறிக்கும் எழுத்துகள் விலைமகள் என்னும் பொருளைத் தருவன. செய்கிச்சிக்குப் பெயர் உண்டு. அவளுக்குக் கதை முழுவதும் பெயர் இல்லை. முதுகில் எழுதப்பட்டதே பெயர் போலும்.

அவளுள் மறைந்திருந்த உண்மை இயல்பையே ஊசி வெளிக்கொணர்ந்தது என்பார் இதற்கு விடை கூறக்கூடும். சித்திரங்களைக் கண்டபோது தன் உள்ளம் அப்பெண்களின் உள்ளமே என அவள் ஒப்புக்கொள்கிறாள் அன்றோ என்பர். ஒப்புக்கொள்வது உண்மை. அதே மூச்சில், அச்சித்திரத்தை அப்பால் எடுக்கும்படியும், அவன் அருகிலிருக்க அச்சமாக இருப்பதால் தன்னை வீட்டுக்குப் போகவிடும்படியும் அவள் கெஞ்சுவதும் உண்மை. விமர்சன மரபு ஒப்புதலை நினைவில் வைத்துக்கொண்டு வேண்டுகோளை மறந்துவிட்டது. இரண்டையும் ஒருங்கே வாசித்தால், 'உள்ளே இருந்த இயல்பு' என்னும் வாதம் செய்கிச்சியினுடையது என்பதும், அதைச் சொல்லி முடித்த கையோடு அவன் மருந்துப் புட்டியை எடுக்கிறான் என்பதும் தெளிவாகும்.

இச்சித்திரக் காட்சியின் தன்மையை விளங்கிக்கொள்ள, இதே தொழிலின் இன்றைய கிளையொன்று உதவுகின்றது. நிலையான ஒப்பனை எனப்படுவது, புருவம், இமையோரம், இதழ் ஆகிய இடங்களில் நிறத்தைத் தோலினுட் செலுத்தும் பச்சை குத்துதலேயாகும். புருவமுடி உதிர்ந்தோரும், சத்திரசிகிச்சையால் மார்பகத்தை இழந்தோரும் இதனை நாடுவர். வெறும் அழகுப் பித்து என ஒதுக்கிவிடத் தக்கதன்று. இதில் முதற் கருவி பென்சில். ஊசி பின்னர்தான் வரும். மல்லாந்து படுத்தால் முகத்தின் தசை பின்வாங்கிப் புருவத்தின் இருப்பு மாறுபடுமாதலால் ஒப்பனை பெறுபவர் நிமிர்ந்து அமர்வார். மூக்கின் ஓரம், கருவிழி, கடைக்கண் ஆகியவற்றை அளவாகக் கொண்டு புருவத்தின் தொடக்கம், வளைவு, முடிவு என்பன குறிக்கப்படும். வரைந்ததும் கண்ணாடி கையிற் கொடுக்கப்படும். இங்கே சற்றுத் தாழ்ந்துள்ளது, அங்கே தடித்துள்ளது என்று அவர் சொல்ல, அழித்து மீண்டும் வரைவர். அவர் ஒப்பிய பின்னரே உணர்ச்சியை மரக்கச் செய்யும் களிம்பு பூசப்பட்டு ஊசி எடுக்கப்படும். சிலர் மெல்லிய ஊசிகள் நெருக்கமாகச் சாய்வரிசையில் அமைந்த கைக்கருவியால் ஒவ்வொரு மயிராகக் கீறுவர். சிலர் மின்கருவியாற் புள்ளி புள்ளியாக இடுவர்.

எம்முறையாயினும் நுட்பம் ஆழத்திலேயே தங்கியுள்ளது. மேற்றோலில் நின்றுவிட்ட நிறம் ஏறக்குறைய ஒரு மாதத்துள் உதிரும் தோலோடு போய்விடும். அதன் கீழுள்ள அடித்தோலின் மேற்பகுதியை, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஆழத்தை, அது சென்றடைதல் வேண்டும். அதனினும் ஆழ்ந்தால் நிறம் பரவிக் கோடு மங்கும்; கபிலமாக இட்டது நீலச்சாம்பலாகத் தோன்றும். பச்சை குத்துதலுக்கு இரு மொழிகளிலும் பெயர் தந்த அந்நிறம் இங்கே கைப்பிழையின் அடையாளமாகி விடுகின்றது. முதல் வாரம் நிறம் மிகக் கடுமையாயிருக்கும். பொருக்கு உதிர்ந்தபின் வெளிறும். நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்து விடுபட்ட இடங்களை நிரப்பும் இரண்டாம் அமர்வு இடம்பெறும். சில ஆண்டுகளில் மங்கிவிடுமாதலின் 'நிலையான' என்னும் அடைமொழி வணிகத்தின் மிகைக்கூற்றே. முழுப் பச்சையும்கூடக் கல்லெழுத்துப் போன்று அசையாது கிடப்பதன்று. தோலிலுள்ள விழுங்கு கலங்கள் நிறத்துகளை உட்கொள்ளுகின்றன. அவை மடியும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய கலங்கள் மீண்டும் பற்றிக்கொள்ளுகின்றன என்பதனைப் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உடல் அதனை இடைவிடாது ஏந்திக்கொண்டிருக்கின்றது.

பென்சிலும் கண்ணாடியும் இத்தொழிலில் இடம்பெறுவது வாடிக்கையாளரை மகிழ்விக்கும் உபசாரமாக மட்டுமன்று. அவை இல்லாதிருந்த வரலாறும் உண்டு. 1930களில் இலண்டனில் முக ஒப்பனைப் பச்சையை வளர்த்தவருள் ஒருவரான ஜோர்ஜ் பேர்செற் தம் நினைவுக்குறிப்பு நூலிலே, அழகு நிலையங்கள் பல பெண்களுக்கு 'மேனிநிறச் சிகிச்சை' என்று சொல்லி, தாவரச் சாயங்களைத் தோலின்கீழ் ஏற்றியதையும், அது பச்சை குத்துதலே என்பதனை அப்பெண்கள் அறியாதிருந்ததையும் குறித்துள்ளார். வலியை மட்டுமன்றிச் செயலின் பெயரையும் மறைத்த மயக்கம் அது. அக்காலத்து மின்னூசி பற்றியும் ஒரு சொல்: நியூயோர்க்கில் சாமுவேல் ஓறெய்லி 1891இல் உரிமம் பெற்ற அக்கருவி, எடிசன் 1876இல் உரிமம் பெற்ற மின்பேனாவின் வழிவந்தது. தாளில் நுண்துளைகளிட்டுப் படியெடுக்க உதவிய அப்பேனாவின் மற்றொரு வழித்தோன்றலே மாணவர் சஞ்சிகைகள் பலவற்றைப் பெற்றெடுத்த ரோணியோ. ஒரே துளையிடும் கருவி ஒருபுறம் தாளுக்கும் மறுபுறம் தோலுக்குமாகப் பிரிந்து சென்றது.

இனிக் கதைக்கு மீள்க. செய்கிச்சி அவளுக்குக் காட்டியது அவள் முதுகில் வரவிருக்கும் சிலந்தியின் வரைவன்று. வேறு பெண்களின் சித்திரங்களைக் காட்டி, இது நீயே என்று சொல்கிறான். கண்ணாடியின் இடத்திலே சித்திரத்தை வைத்து அதற்குக் கண்ணாடி என்று பெயரிட்டுவிடுகின்றான். ஒருவருக்கு அவரது முகத்தைக் காட்டி ஒப்புதல் கேட்பதும், பிறிதொரு முகத்தைக் காட்டி இதுவே உன் முகம் என்பதும் ஒன்றாகா.

கதையில் உண்மையான கண்ணாடி ஒன்றும் உண்டு. மயக்கம் தெளிந்ததும் அவள் முதன்முதலாகக் கேட்பது, தன் முதுகிலுள்ளதைத் தனக்குக் காட்டும்படியே. அவன் காட்டுவதில்லை, குளியலறைக்குச் சென்று நிறத்தை எழுப்ப வேண்டும், சற்றுப் பொறுத்துக்கொள் என்கின்றான். வெந்நீரின் எரிவு தாங்காது அவள் ஈரக் கூந்தலோடு தரையில் விழுந்து புரளுகையில், அவளுக்குப் பின்னாலிருக்கும் ஒப்பனைக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை உள்ளங்கால்கள் தெரிகின்றன. முதுகு தெரியவில்லை. பல்லக்கின் திரைக்கடியில் செய்கிச்சி ஆண்டுக்கணக்காகத் தேடிய அதே பாதமே கண்ணாடியை நிரப்பி நிற்கின்றது. இறுதியிலும், போகுமுன் ஒருமுறை அதனைக் காட்டு என்று கேட்பவன் அவனே. அவள் மௌனமாக ஆடையை நெகிழ்க்க, காலை வெயில் முதுகில் விழுகின்றது. வாசகன் காண்கின்றான், செய்கிச்சி காண்கின்றான். தன் முதுகை அவள் கண்டதாக ஒரு வரிதானும் கதையில் இல்லை. அவள் கேட்டது நிறைவேறவில்லை. அவன் கேட்டது நிறைவேறுகின்றது. வெற்றி யாருடையது என்ற வினாவை இவ்விரு வேண்டுகோள்களையும் அருகருகே வைத்தே கேட்டல் வேண்டும்.

தனிசாக்கி இதனை அறியாது எழுதினார் எனல் பொருந்தாது. குளியலறைக் காட்சியே அதற்குச் சான்று. கதையின் மிகச் சிறந்த பகுதியும் அதுவேயாகும். ஆண்கள் குத்தப்பெறும்போது அவர்தம் வலி செய்கிச்சியின் இன்பத்துக்கு உணவாயிற்று. இங்கே, தேற்றவரும் அவனது கையை அவள் தட்டி விடுகின்றாள். துன்புறுவதை ஆடவன் ஒருவன் காண்பது தனக்கு இழிவு எனக் கூறி மாடியறையிற் காத்திருக்கும்படி அனுப்புகின்றாள். உறக்கத்தில் அவளிடமிருந்து பறிக்கப்பட்ட வலி இவ்விடத்தில் அவளுக்கு மீட்கப்படுகின்றது. அதனைப் பார்வையாளரின்றித் தானே அனுபவிக்கும் உரிமையையும் அவள் எடுத்துக்கொள்ளுகின்றாள். அவளுடைய ஆற்றல் என்று கதையில் ஏதேனும் உண்டாயின் அது தொடங்குவது இங்கேயே. சிலந்தி அதனைத் தரவில்லை. அவள் விழித்தமை தந்தது. ஆனால் இக்காட்சி ஒரு பக்கத்தோடு முடிய, கதை மீண்டும் செய்கிச்சியின் கண்களுக்குத் திரும்பிவிடுகின்றது. இளம் எழுத்தாளர் தம் கையில் அகப்பட்ட பெரும்பொருளை அதன் எல்லைவரை தொடர்ந்து செல்லாது, ஒளிமிகுந்த இறுதிக் காட்சியொன்றின் பொருட்டு விட்டுக்கொடுத்தார் என்றே கூறவேண்டியுள்ளது.

நான்கு ஆண்டுகளின் பின், 1914இல், பிரேக் நகரில் காஃப்கா எழுதி 1919இல் வெளியான தண்டனைக் குடியேற்றம் பற்றிய கதையை இதனோடு ஒப்பிடலாம். அங்கும் ஊசிகள் உடலிலே எழுதுகின்றன. அங்கும் உடலுக்குரியவனுக்கு எழுதப்படுவது யாதெனச் சொல்லப்படவில்லை. பன்னிரண்டு மணிநேரம் நீளும் அத்தண்டனையில், ஆறாம் மணியளவிற் குற்றவாளி தன் காயங்களால் எழுத்தைப் படிக்கத் தொடங்குவான் என அதிகாரி பெருமிதத்தோடு விளக்குகின்றான். காஃப்கா அவ்விளக்கத்தை நம்புவதில்லை. இயந்திரம் சிதறும்போது எழுத்தும் இல்லை, விளக்கமும் இல்லை, குத்துமே உண்டு. எழுதுபவனின் வாக்குமூலத்தைத் தனிசாக்கி நம்புகின்றார், அல்லது நம்புவதாக நடிக்கின்றார். இரு கதைகளுக்குமுள்ள பெரும் வேறுபாடு இதுவெனலாம்.

பிற்காலத்தவர் சிலர் இவ்விடைவெளியை உணர்ந்திருந்தனர். யசுசோ மசுமுரா 1966இல் எடுத்த 'இரெசுமி' என்னும் திரைப்படம், இதே ஆசிரியரின் வேறொரு கதையோடு இதனை இணைத்து, அப்பெண்ணுக்கு ஒத்சுயா என்ற பெயரையும், காதலனையும், விற்கப்பட்ட வரலாற்றையும் கொடுத்தது. அயாக்கோ வகாவோ நடித்த அப்பாத்திரத்தின் சினத்துக்கு முகவரி உண்டு. யார் தன்னை விற்றார், யார் தன்னைக் குத்தினார் என்று அவள் அறிவாள். படத்தில் இரத்தம் வேண்டியதற்கு அதிகம் என்பது வேறு குறை.

யப்பானியச் சட்டமும் அண்மையில் இவ்விரு தொழில்களையும் வேறுபிரித்தது. ஊசியால் தோலில் நிறமிடுவது மருத்துவச் செயல் என்ற 2001ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மருத்துவ அனுமதியில்லாத பச்சை குத்துநர் ஒருவருக்கு ஒசாக்கா நீதிமன்றம் 2017இல் தண்டம் விதித்தது. மேன்முறையீட்டில் 2018இல் அவர் விடுதலையானார். அத்தீர்ப்பை அதியுயர் நீதிமன்றம் 2020 செப்டெம்பரில் உறுதிப்படுத்தியது. பச்சை குத்துதல் மருத்துவத்தின் எல்லையை விட்டு வெளிவந்தது. முக ஒப்பனைப் பச்சையோ அங்கு மருத்துவரும் தாதியரும் செய்யவேண்டிய செயலாகவே தொடர்கின்றது. புருவத்துக்கு இட்ட காவல் முதுகுக்கு வேண்டாமென்பது விந்தையாகத் தோன்றலாம். எனினும் முதுகைக் கொடுப்பவர் ஓராண்டு விழித்திருந்து கொடுக்கின்றார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கதையைத் தமிழாக்க முனைவோர் முன்னே தலைப்பு ஒரு சிக்கலாக எழும். ஹவார்ட் ஹிபெற் 1963இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பச்சை குத்துபவனைக் குறிக்கும் பெயராக மாற்றப்பட்டது. ஆங்கிலவழி வரும் தமிழாக்கமும் 'பச்சை குத்துபவன்' என்றே அமையக்கூடும். மூலத்தலைப்பிலே அவன் இல்லை. குத்தும் செயலும் அதனால் எஞ்சும் நிறமுமே உள்ளன. 'பச்சை' என்ற ஒரு சொல்லே போதுமானது. அது அவள் முதுகில் இருப்பது.